வண்டியும் எண்ணும் – 9: மடக்கிய பிளேட்

உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் கதையைச் சென்ற வாரம், புதிய வண்டிகளுக்கு அது கட்டாயமான 2019 ஏப்ரல் 1 வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் போலி எண்களைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். வேளச்சேரி விஜயநகர் சிக்னலில் பார்த்த ஒரு பைக் குறுக்கே வந்துவிட்டது.

அதன் பின்பக்க பிளேட்டை மேல்நோக்கி மடக்கியிருந்தார்கள். நேர் பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது அலுமினியத் தகட்டின் விளிம்பு மட்டும்தான். அன்று மாலை தரமணி இணைப்புச் சாலையில் மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “கேமராவுல விழக்கூடாதுன்னுதான் சார். காலேஜ் பசங்க வந்து கேக்குறாங்க, நான் செய்றதில்ல” என்றார்.

எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் 50-உம் 51-உம் சொல்கின்றன. காரில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, இடைவெளி 10 என அளவு வரை வகுத்திருக்கிறார்கள். 2024 மே 2 முதல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை பிளேட்டில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’ என்று ஒட்டுவோர் மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கியதும் இந்த 50-ஆம் விதியைக் காட்டித்தான்.

விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறை 1,500. அதிவேகத்துக்கு 183-ஆம் பிரிவில் இலகு ரக வண்டிக்கே 1,000 முதல் 2,000 வரை. வேகத்தைவிட வேகத்தை மறைப்பது மலிவு! பிளேட்டில் பெயர் எழுதியவரையும், வேண்டுமென்றே எண்ணை ஒளித்தவரையும் ஒரே தட்டில் வைக்கிறது இந்த 500 ரூபாய். பிரிட்டனில் எண்ணை மறைப்பதற்கென்று 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு. அபராதம் 1,000 பவுண்டு வரை போகும்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் பிளேட்டின் மேலுள்ள படலம். கண்ணாடியில் பட்ட ஒளி வேறு பக்கம் திரும்பும். சுவரில் பட்டால் நாலாபக்கமும் சிதறும். இந்தப் படலம் மட்டும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அதிலிருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ செய்கிற வேலை அது. இருட்டான தெருவில் பத்தடி தள்ளி நின்று, செல்போன் டார்ச்சைக் கண்ணோரம் வைத்து ஒரு பிளேட்டைப் பாருங்கள், பளீரென்று எரியும். கண்ணை அசைக்காமல் டார்ச்சை மட்டும் கைநீட்டித் தள்ளிப் பிடியுங்கள், மங்கிவிடும். எண் படிக்கும் கேமராக்கள் பலவும் இதை நம்பித்தான் இயங்குகின்றன. லென்ஸுக்குப் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு இருக்கும். பின்புலம் ஒளிர, எழுத்து கருப்பாகவே நிற்கும். பிளேட்டில் அடித்தால் எண் படத்தில் விழாது என்று விற்கிற ஸ்பிரேக்களை 2007-இலேயே ‘மித்பஸ்டர்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சோதித்தார்கள். பலிக்கவில்லை.

மடக்கினால் கேமராவுக்குத் தப்பலாம். ஆனால் அந்த வண்டி ஒருவரை இடித்துவிட்டுப் போனால்? எண் தெரிந்திருந்தால், வண்டியின் காப்பீட்டு நிறுவனத்தின் மீது விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். இறந்தவரின் வயது, சம்பளம், அவரை நம்பியிருந்தவர்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து இழப்பீடு வரும். எண் தெரியாவிட்டால் 2022 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000, அவ்வளவே. அதற்கு முன் 25,000-உம் 12,500-உம்தான் இருந்தன. முப்பது வயதில் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒருவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் எத்தனை மாதம் வரும்? எண்ணை ஒளிப்பதற்குத் தனிக் குற்றப்பிரிவும், அதிவேக அபராதத்தைவிடக் கூடுதலான தண்டனையும் வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

போலி எண்கள் அடுத்த வாரம். உங்கள் வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே வேறு ஊரிலிருந்து இ-செலான் வந்தால் எங்கே முறையிடுவது என்பதிலிருந்து தொடங்கலாம்.