கைப்பேசிக்குள் அடங்குமா கல்லூரி?



எதிரணி நண்பர் அடுக்கிட்டுப் போனாரு. கொரோனா காலத்தில் இணையவழி வகுப்பு இல்லேன்னா படிப்பே நின்று போயிருக்கும். பாடத்தைப் பதிவு செய்து பத்துத் தடவை கேட்கலாம் என்றார். உண்மைதாங்க, ஒத்துக்கிறேன். 2020 மார்ச் 17 முதல் கல்லூரிகளை மூடச் சொன்னார்கள். கரும்பலகையை விட்டுக் கைப்பேசிக்கு ஓடினோம். "கேக்குதா?" "சார், மியூட்ல இருக்கீங்க!" அந்த வருஷத்துத் திருப்பள்ளியெழுச்சியே இதுதானே! (சிரிப்பு)

என் கேள்வி வேறு. கல்லூரி என்றால் பாடம் மட்டுமா? ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரு நூலகம், தொந்தரவில்லாத அஞ்சு மணி நேரம். மூடின பிறகுதான் இதன் அருமை தெரிஞ்சது. இணையவழிக்கு மாறினதும், 'இதையெல்லாம் உங்க வீட்டிலேயே பார்த்துக்கோங்க' என்று சொல்லாமல் சொல்லிட்டோம்.

வீடு எப்படிங்க? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஒரே அறை கொண்ட லைன் வீடுகள் எத்தனை! இரவு ஷிப்ட் முடிச்சு வந்த அப்பா தூங்கணும். பக்கத்திலேயே பிள்ளை வகுப்பு கேட்கணும். இருப்பது ஒரு போன். அப்பா ஷிப்டுக்குப் போனா போனும் ஷிப்டுக்குப் போயிடும்! (கைதட்டல்)

2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 100 வீட்டுக்கு 24 வீட்டில்தான் இணைய வசதி, கிராமத்தில் 15. அரசும் சும்மா இருக்கலே. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, தமிழ்நாட்டில் ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா அறிவித்தது. பாராட்டுகிறேன். ஜிபி வந்தது, உட்கார இடம் வந்ததா?

இன்னொன்று. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 2020 மே மாதமே மறுபடி ஓட ஆரம்பிச்சது. இறுதியாண்டு மாணவனுக்கு வகுப்பறைக் கதவு திறந்ததோ டிசம்பரில். அதுவரை மெக்கானிக்கல் படிக்கிற பையன் லேத்தைப் படத்தில்தான் பார்த்தான். 2021 மார்ச்சில் அந்தக் கதவும் மறுபடி மூடிக்கொண்டது.

திரையில் பாடம் நடத்துங்க, வேணாங்கல. நாளைக்கே இன்னொரு தொற்று வந்தால், வீட்டில் இடமில்லாத பிள்ளைக்காகக் கல்லூரியில் நாலு அறையையும், ஊர் நூலகத்தையும் இடைவெளி விட்டுத் திறந்து வைங்க. ஆலைக்கு முடிஞ்சது கல்விக்கு முடியாதா என்று கேட்டு, அமர்கிறேன்.