தண்டவாளத்தைத் தாங்கும் பழைய இயந்திரங்கள்

கைவிடப்படவிருந்த ரயில்பாதை ஒன்றைத் தன்னார்வலர்களே ஏற்று நடத்தும் வழக்கம் 1951-இல் வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில்பாதையில் தொடங்கியது. ஸ்லேட் கற்களை ஏற்றிச் செல்வதற்காக 1860-களில் போடப்பட்ட அகலம் குறைந்த அந்தக் குறும்பாதையின் உரிமையாளர் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் 1950-இல் மறைந்ததும், எழுத்தாளர் டாம் ரோல்ட் உள்ளிட்டோர் சங்கம் அமைத்து அதைப் பொறுப்பேற்றனர். அப்போது ஓடும் நிலையில் இருந்தது டோல்கோக் என்னும் ஓர் எஞ்சின் மட்டுமே. எனினும் எஞ்சினைவிடப் பெரிய கவலையாக இருந்தது, தேய்ந்த தண்டவாளங்களையும் மக்கிய கட்டைகளையும் புல்லும் மண்ணுமே பல இடங்களில் பிடித்து வைத்திருந்த பாதைதான். பின்னர் வந்த புளூபெல் (1960), செவர்ன் வேலி (1970), நார்த் யார்க்‌ஷயர் மூர்ஸ் (1973) ஆகிய தொன்மைப் பாதைகளுக்கும் இக்கவலை விலக்கில்லை.

ரயில்பாதை போட்டபடியே நின்றுவிடும் பொருளன்று. தண்டவாளத்தின் மீது செல்லும் ஒவ்வொரு சக்கரத்தின் பாரமும் சிலீப்பர் எனப்படும் குறுக்குக் கட்டை வழியாக அடியிலுள்ள ஜல்லிக்கு இறங்குவதால், ஜல்லி சிறிது சிறிதாக நகர்ந்தும் நொறுங்கியும் கட்டைக்கடியில் வெற்றிடம் உண்டாகிறது. அந்த இடத்தில் பாதை தாழ, வண்டி குலுங்க, குலுக்கலே தாழ்வை மேலும் ஆழமாக்குகிறது. இதைச் சரிசெய்யத் தொழிலாளர் குழுக்கள் பீட்டர் என்னும் தட்டை முனைக் குந்தாலியால் ஜல்லியைக் கட்டைக்கடியில் அடித்து இறுக்கின. பிரிட்டனில் இதனினும் நுட்பமான ஒரு கைமுறையும் இருந்தது. எவ்வளவு வெற்றிடம் உள்ளது என்பதை முதலில் அளந்து, ஜாக்கியால் பாதையை உயர்த்தி, அந்த அளவுக்கேற்ற சிறு கல்சில்லுகளை மண்வாரியால் கட்டைக்கடியில் பரப்பும் அளவிட்ட மண்வாரி முறை அது. இந்திய ரயில்வேயிலும் இம்முறை வழங்கியது.

ஆனால் கைவேலைக்கு ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுள்ள செவர்ன் வேலிப் பாதையில், 60 அடித் தண்டவாளத்துக்கு 24 கட்டைகள் என்னும் பிரிட்டனின் பழைய வழக்கப்படி கணக்கிட்டால், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டைகள் இருக்க வேண்டும். வார இறுதியில் வந்துபோகும் தன்னார்வலர்கள் இவை அனைத்தின் அடியிலும் கையால் ஜல்லி இறுக்குவது இயலாது. இங்குதான் டேம்பர் எனப்படும் ஜல்லி இறுக்கும் இயந்திரம் இன்றியமையாததாகிறது. சுவிட்சர்லாந்தில் 1945-இல் தோன்றிய மடீசா, ஆஸ்திரியாவில் 1953-இல் தோன்றிய பிளாசர் அண்ட் தோய்ரர் ஆகிய நிறுவனங்கள் இத்துறையில் முன்னின்றன. பாதையைப் பற்றி உயர்த்தி, கட்டையின் இருபுறமும் எஃகு விரல்களை ஜல்லிக்குள் இறக்கி, அவற்றை அதிரவைத்தபடியே ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கினால் கற்கள் கட்டைக்கடியில் இறுகி அமர்கின்றன. பிளாசர் இயந்திரங்களில் அந்த அதிர்வு நொடிக்கு 35 முறை.

முதன்மைப் பாதைகளில் நேரம் முக்கியமாதலால் விரைவான புதிய இயந்திரங்கள் வந்ததும் பழையவை விலக்கப்பட்டன. பெரும்பாலும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேக வரம்புக்குள் வண்டி ஓட்டும் தொன்மைப் பாதைகளுக்கோ அவற்றின் நிதானம் குறையாகவில்லை. மேலும், பழைய டேம்பரின் அளவிடும் முறை கண்ணுக்குத் தெரிவது. முன்னும் பின்னுமுள்ள இரு தள்ளுவண்டிகளுக்கிடையே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பியை நேர்கோடாகக் கொண்டு, அதிலிருந்து பாதை எவ்வளவு விலகியுள்ளது என்று அது அளக்கிறது. இதன் தத்துவத்தைத் தன்னார்வலர் ஒருவர் பார்த்தே புரிந்துகொள்ள முடியும். எண்ணெய் அழுத்தக் குழாய்களும், வால்வுகளும், காலாவதியான மின்பலகைகளும் பழுதாகும்போது மாற்றுப்பொருள் கிடைப்பதுதான் கடினம். குறும்பாதைகளின் நிலை இன்னும் கடினம்: டாலிலின் பாதையின் அகலம் 686 மில்லிமீட்டர், ஃபெஸ்டினியோக் பாதையின் அகலம் 597 மில்லிமீட்டர், வழக்கமான 1,435 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செய்த இயந்திரம் அங்கே அப்படியே ஓடாது.

பெரிய இயந்திரங்களோடு, ஹெர்ட்ஃபோர்ட்‌ஷயரின் வேர் நகரில் விக்கம் நிறுவனம் செய்த சிறு மோட்டார் டிராலிகளும் குறிப்பிடத்தக்கவை. தொழிலாளர்களையும் கருவிகளையும் வேலையிடத்துக்கு ஏற்றிச் சென்ற இவற்றில் சில இன்றும் தன்னார்வலர் கைகளால் ஓடுகின்றன.

பழைய முறைகள் எல்லாம் வழக்கொழிந்தவை என்று எண்ணுவதும் தவறு. டேம்பர் இறுக்கும்போது நெடுங்காலம் படிந்து உறுதிப்பட்ட ஜல்லிப்படுகை கலைகிறது, கற்கள் உடைகின்றன, சில காலத்தில் பாதை முன்பிருந்த தாழ்வுக்கே திரும்பவும் செய்கிறது. இதை ஆராய்ந்த பிரிட்டிஷ் ரயில்வே ஆய்வுப் பிரிவு, காற்றழுத்தத்தால் சிறுகற்களைக் கட்டைக்கடியில் செலுத்தும் ஸ்டோன்புளோவர் இயந்திரத்தை உருவாக்கியபோது, அதற்கு அடிப்படையாகக் கொண்டது மண்வாரி முறையின் கொள்கையையே. தொழிலாளரின் கையறிவே அறிவியலின் தொடக்கப் புள்ளியானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ரயில்வே வரலாற்றில் அரிது.

இத்தனைக்குப் பிறகும், தொன்மைப் பாதைக்கு வருவோரின் பார்வையும் நன்கொடையும் நீராவி எஞ்சினையே முதலில் நாடுகின்றன. அந்த எஞ்சின் பாதுகாப்பாக ஓடுவதற்குக் காரணமான மஞ்சள் நிற டேம்பர் உடைந்தால் பழைய இரும்பாகிறது. முதன்முதலில் அதிர்ந்த எஃகு விரல்களும், கம்பியால் அளந்த பாதைக் கோடும், அவற்றை இயக்கியோரின் அனுபவமும் எஞ்சினுக்கு நிகரான வரலாற்றுச் செல்வங்களே. ஆகவே, தொன்மைப் பாதைகளை நடத்துவோர் தம் பாதுகாப்புப் பட்டியலில் ஒரு பழைய டேம்பரையேனும் இயங்கும் நிலையில் சேர்த்து, அதை இயக்கத் தெரிந்த மூத்தோர் இருக்கும்போதே இளையோரைப் பழக்க வேண்டும்.