கழிவு மரத்திற் கலந்த பிளாத்திக்கை நீக்கல்

திருக்கோவிற் கடற்கரையை அண்டிய மணற்றரைத் தோட்டங்களில் வேலி புதுப்பிக்கும் காலத்தில் மரக்குவியலொன்று எழுவதைக் காணலாம். உளுத்த கதியால்கள், உடைந்த மரக்கறிப் பெட்டிகள், வாடியிலிருந்து கழற்றிய வரிச்சுகள், பழைய கதவுப் பலகைகள் முதலியன அங்கே சேர்கின்றன. அவற்றோடு நைலோன் கயிறும், மீன்வலைத் துண்டும், நாற்று வளர்த்த கறுப்புப் பொலித்தீன் பைகளும், பசளைச் சாக்கின் இழையும் சேர்ந்துவிடுகின்றன. கமக்காரர் இக்குவியலை எரித்துவிடுவர். அன்றேல் மழையில் உக்கவிடுவர். இரண்டும் நட்டமே.

கழிவு மரம் மற்றொரு கைத்தொழிலின் மூலப்பொருளாகும். மரத்தைச் சிறு துணிக்கைகளாக்கிப் பசை கலந்து, சூட்டில் அழுத்திப் பலகையாக்கும் முறை, நல்ல மரம் அரிதாயிருந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே செருமனி நாட்டின் பிரேமன் நகரில் ஆலைத்தொழிலாயிற்று. இன்று இத்தாலியின் வியாதானா நகரிலுள்ள சாவியோலா ஆலை, பழைய பெட்டிகளையும் தளபாடங்களையும் கொண்டே இத்தகைய பலகையைச் செய்கின்றது. அதற்கெனப் புதுமரம் வெட்டப்படுவதில்லை.

இத்தொழிலுக்குப் பெரும் பகை பிளாத்திக்காகும். அழுத்தும் பொறியின் வெப்பம் ஏறத்தாழ 180 முதல் 220 பாகை சதமவளவை வரை செல்லும். பொலித்தீனோ 105 முதல் 130 பாகைக்குள் உருகிவிடும். உருகியது பொறியின் தகட்டில் ஒட்டும். துணிக்கைகளைப் பசை பற்றவொட்டாது தடுக்கும். பலகையின் முகத்திலே வடுவாய் நிற்கும். பீ.வீ.சீ. எனப்படும் பிளாத்திக்கு எரியும்போது ஐதரோகுளோரிக்கமில வாயுவை வெளிவிட்டு உலையின் இரும்பை அரிக்கும்.

ஆயின், அரைத்த பின்னர் பொறிகளாற் பிரித்துக்கொள்ளலாமே என வினவலாம். ஆணியைக் காந்தம் இழுத்துவிடும். மண்ணையுங் கல்லையும் அரிதட்டு நீக்கும். மெல்லிய பொலித்தீனைக் காற்றினால் ஊதி அகற்றலாம். எனினும் அக்காற்று நொய்ய மரத்தூளையும் உடன் கொண்டுபோகும். தடித்த பிளாத்திக்குத் துண்டோ மரச்சீவலின் நிறையோடு ஒத்திருந்து பின்தங்கிவிடும். நீரில் இட்டுப் பிரிப்பதும் முழுப்பயன் தராது. பீ.வீ.சீ. நீரில் அமிழும்; பொலித்தீனோ உலர்ந்த மரத்தைப் போலவே மிதக்கும். ஆகையாற் பெரிய ஆலைகளிற் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பும் வகையால் மரமெது பிளாத்திக்கெது எனப் பொறியே அறிந்து, காற்றுத் தாரையினால் வேண்டாததைத் தள்ளுகின்றது. இங்கும் ஒரு குறையுண்டு. கரி கலந்த கறுப்புப் பிளாத்திக்கு அவ்வொளியை விழுங்கிவிடுவதாற் பொறிக்குத் தென்படுவதில்லை. நமது தோட்டங்களில் மிகுதியாய்க் கிடக்கும் நாற்றுப்பையும் மண்மூடும் விரிப்பும் கறுப்பே என்பதைக் கவனிக்க.

எனவே பிரிக்கத் தகுந்த இடம் மரம் விழுந்த இடமே. வெட்டுமுன் செய்க. கோடரியோ அரைக்கும் பொறியோ பட்ட பின்னர் ஒரு பை நூறு துண்டாகும். நூறையும் பொறுக்க எவராலும் இயலாது. மரத்தை இரண்டொரு நாள் வெயிலிற் காயவிட்டால் ஒட்டிய சேறு உதிரும், பொலித்தீனும் எளிதில் உரியும். ஈர மரத்திலிருந்து உரிக்க முயல்வது வீண் வேலை. கயிற்று முடிச்சை அறுத்துத் துண்டுகளை நிலத்தில் விடாது, முழுக் கயிறாகவே சுற்றி எடுக்க. பழைய தளபாடப் பலகையின் விளிம்பிலுள்ள பட்டி மரமோ பிளாத்திக்கோ என ஐயமுறின், சூடேற்றிய ஆணியைத் திறந்த வெளியில் அதன்மேல் தொட்டுப் பார்க்கலாம். மரம் கருகும், பிளாத்திக்கு இளகி நூலாய் இழுபடும்.

பின்னர் வெறும் மரம், பசையிட்டு ஒட்டிய பலகை, நிறம் பூசியதும் மருந்தேற்றியதுமான மரம் என மூன்று குவியலாக்குக. மூன்றாவதைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் அவசியம். கறையானைத் தடுக்க மருந்தேற்றிய சில கம்பங்களில் ஆசனிக்கு, குரோமியம், செப்பு ஆகியன உள. பழைய நிறப்பூச்சில் ஈயம் இருத்தல் கூடும். ஐரோப்பியப் பலகை ஆலைகளின் சம்மேளனம், மீளப் பயன்படுத்தும் மரத்தின் கிலோவொன்றில் ஆசனிக்கு 25 மில்லிகிராமுக்கும் ஈயம் 90 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாதென விதித்துள்ளது. நாமோ அதே மரத்தை அடுப்பிலிட்டு, அச்சாம்பலை அழுக்கணவனை ஒழிக்கவெனக் கீரையிலும் கத்தரியிலும் தூவுகின்றோம்! ஆசனிக்கும் ஈயமும் நெருப்பில் அழிந்துவிடுவனவல்ல. சாம்பலில் மேலும் செறிந்து நிற்கும். மருந்தேற்றிய மரத்தின் சாம்பலைத் தோட்டத்திற் சேர்த்தலாகாது. அம்மரத்தால் நெல் அவித்தலும் கூடாது. பிளாத்திக்கோடு குப்பையைத் திறந்தவெளியில் எரித்தல் 2017 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளாலும் தடுக்கப்பட்டுள்ளது.

வைக்கோலுக்கும் இஃது பொருந்தும். 1956 இல் தொழிற்படத் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை நெல் வைக்கோலைக் கூழாக்கியது. வைக்கோலாற் பலகையும் செய்யலாம். இந்நாளிற் பொறியினாற் கட்டும் வைக்கோற் கட்டுகளைப் பிணைப்பது பெரும்பாலும் பிளாத்திக்குக் கயிறே. அதை வட்டையில் எறிந்தால் அடுத்த போகத்தில் உழுபொறியின் அச்சிற் சுற்றும். மாடு தின்றால் இரைப்பையிற் சிக்கும். 2022 சனவரியில் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டருகே இறந்து கிடந்த யானைகளின் வயிற்றில் உக்காத பிளாத்திக்கே பெருமளவிற் காணப்பட்டது.

விற்பதற்கு வழியற்ற வெறும் மரத்தையும் மரத்தூளையும் தோட்டத்திலேயே பயன்படுத்தலாம். ஆயின் புதுத் தூளை மண்ணிற் கலந்தால், அதனை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நைதரசனைக் கவர்ந்துகொள்வதால் இலை மஞ்சளிக்கும். சாணத்துடனும் பச்சை இலைகளுடனும் அடுக்கி, ஈரங் காத்து, நன்கு உக்கிய பின்னரே பாத்தியில் இடுக. ஒட்டுப்பலகை அறுத்த தூளை இக்குவியலிற் சேர்க்க வேண்டாம்.