எந்தப் பாறைக்கு எந்தத் திரவம்?

1947-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ஹியூகோட்டன் எரிவாயு வயலின் ஒரு கிணற்றுக்குள் நேபாம் கலந்து கெட்டியாக்கிய பெட்ரோலை அழுத்தி இறக்கினார்கள். அளவு ஆயிரம் கேலன், சுமார் 3,800 லிட்டர். ஏறத்தாழ 2,400 அடி ஆழத்தில் இருந்த சுண்ணாம்புப் பாறையைப் பிளப்பதுதான் ஸ்டானோலிண்ட் ஆயில் நிறுவனத்தின் நோக்கம். ஆனால் கிணற்றின் உற்பத்தி சொல்லும்படி உயரவில்லை. நீரியல் விரிசல் என்று இன்று அழைக்கப்படும் முறையின் முதல் சோதனை இப்படித்தான் முடிந்தது. அது ஏற்கெனவே அமிலம் செலுத்திப் பார்க்கப்பட்ட கிணறு என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்தத் தொழில் இன்றும் விடை தேடும் கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது தெரியும். எந்தப் பாறைக்கு எதை ஊற்றுவது?

போதிய அழுத்தம் கொடுத்தால் எந்தப் பாறையும் பிளக்கும். அழுத்தத்தை எடுத்ததும் அது மூடிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். பாறையின் ஊடுருவுதிறனை மில்லிடார்சி என்ற அலகால் அளக்கிறார்கள். நல்ல மணற்பாறையில் இது நூற்றுக்கணக்கில் இருக்கும். 0.1-க்குக் கீழே போனால் அது இறுகிய பாறை. ஷேல் எனப்படும் களிப்பாறையில் அதைவிட ஆயிரம் மடங்கு குறைவாகவும் இருக்கக்கூடும். இவ்வளவு இறுக்கத்தில் வாயு தானாக நகர்ந்து கிணற்றுக்கு வந்து சேராது. திறந்தே இருக்கும் ஒரு விரிசல் வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்: விரிசலுக்குள் மணலை நிரப்பி முட்டுக்கொடுப்பது, அல்லது சுவர்களை அமிலத்தால் அரித்துவிடுவது.

அமிலம்தான் மூத்தது. 1932-ல் மிச்சிகனில் ப்யூர் ஆயில் நிறுவனமும் டவ் கெமிக்கல் நிறுவனமும் சுண்ணாம்புப் பாறையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தி வெற்றி கண்டன. இரும்புக் குழாயை அமிலம் தின்றுவிடாமல் இருக்க அதில் ஆர்செனிக் சேர்மம் கலந்திருந்தார்கள். சுண்ணாம்புப் பாறையின் முக்கியத் தாது கால்சைட். அமிலத்தோடு வினைபுரிந்தால் அது கால்சியம் குளோரைடு கரைசலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறிவிடும். மூன்றுமே வெளியேறக்கூடியவை, கசடு தங்காது. ஒரு கனமீட்டர் 15 சதவீத அமிலம் சுமார் 220 கிலோ கால்சைட்டைக் கரைக்கும். பாறை பிளக்கும் அளவுக்கு அழுத்தம் கொடுத்து இதைச் செலுத்தினால் விரிசலின் இரு சுவர்களும் மேடும் பள்ளமுமாக அரிக்கப்படும். அழுத்தம் போன பிறகு அவை ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாததால் நடுவில் வழி நிற்கிறது. மணல் தேவையில்லை.

குறை என்னவென்றால் அமிலத்தின் அவசரம். கிணற்றை ஒட்டிய சில மீட்டரிலேயே வினை முடிந்து வீரியம் தீர்ந்துவிடும். போதாததற்கு, விரிசலின் சுவர்களில் கரையான் அரித்த மரம்போலப் புழைகள் விழுந்து அமிலம் பக்கவாட்டில் ஒழுகிப்போகும். ஆழமும் வெப்பமும் கூடக் கூட இது மோசமாகும். அதனால் அமிலத்தின் வேகத்தைத் தணிக்கிறார்கள்: டீசலுக்குள் சிறு துளிகளாகச் சிதறவைத்தோ, பாலிமர் சேர்த்துக் கெட்டியாக்கியோ, ஃபார்மிக், அசிட்டிக் போன்ற மென்மையான அமிலங்களுக்கு மாறியோ. குழாயின் துருவும் பாறையிலுள்ள இரும்புத் தாதுக்களும் கரைந்து இரும்பு சேர்வது இன்னொரு தொல்லை. அமிலம் தணிந்ததும் அந்த இரும்பு கூழாகப் படிந்து, திறந்த வழியையே அடைக்கும். எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்து இரும்பைக் கரைசலிலேயே பிடித்துவைப்பார்கள். பாறை மிக மென்மையாக இருந்தால் இத்தனையும் வீண். வட கடலில் நார்வேயின் வால்ஹால் வயல் சீமைச் சுண்ணாம்புப் பாறை. அரிக்கப்பட்ட மேடுகள் நொறுங்கி விரிசல் மூடிக்கொள்ளும் என்பதால் அங்கே சுண்ணாம்பாக இருந்தும் முட்டுக்கொடுக்கும் மணலை நாடினார்கள்.

மணற்பாறையில் கதையே வேறு. குவார்ட்ஸை ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொடாது. அதைத் தொடக்கூடியது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். இரண்டையும் கலந்த ‘மட் ஆசிட்’ 1940 முதல் சந்தையில் உண்டு. ஆனால் அதன் வேலை கிணற்றின் வாயை ஒட்டி அடைத்திருக்கும் களிமண்ணைச் சுத்தம் செய்வதோடு சரி. வழியில் கால்சைட் எதிர்ப்பட்டால் கால்சியம் ஃப்ளூரைடு என்ற கரையாத படிவு உண்டாகி அடைத்துவிடும். அதனால்தான் முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அனுப்பிக் கால்சைட்டைத் துடைத்துவிடுகிறார்கள். நீண்ட விரிசலின் சுவரைச் செதுக்க மட் ஆசிட்டை நம்புவது, என் பார்வையில், பணத்தைப் பாறைக்குள் புதைப்பதே. ஷேலிலும் அமிலத்துக்குச் சின்ன வேடம்தான்: கிணற்றுக் குழாயின் துளைகளில் ஒட்டிய சிமெண்டைக் கரைத்து, பாறை பிளக்கத் தேவையான அழுத்தத்தைக் குறைக்க முன்னால் கொஞ்சம் போகும். பின்னால் வரும் நீருக்குத்தான் முக்கிய வேலை.

அந்த நீரைக் கெட்டியாக்குவதா, வழுவழுப்பாக்குவதா என்பதில் இந்தத் தொழில் பல பத்தாண்டுகள் ஒரு பக்கமே சாய்ந்திருந்தது. தண்ணீரில் மணல் சீக்கிரம் அமிழ்ந்துவிடும். எனவே கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினைக் கரைத்துக் குழம்பாக்கினார்கள். நம் வீட்டில் பொரியல் செய்யும் கொத்தவரங்காயின் முற்றிய விதைதான். காரத்தன்மை கூட்டிப் போரேட் உப்பைச் சேர்த்தால் பிசினின் இழைகள் பின்னிக்கொண்டு ஜெல் ஆகும். மணல் அதில் மிதந்தபடியே விரிசலின் ஆழத்துக்குப் போகும். போய்ச் சேர்ந்ததும் ஜெல் உடைந்து திரவமாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு அம்மோனியம் பெர்சல்ஃபேட் அல்லது நொதி. உடைந்த பிறகும் மிஞ்சும் பிசின் கசடு மணலின் இடுக்குகளில் தங்கும். பாறை எவ்வளவு இறுகியதோ அவ்வளவுக்கு இது உறுத்தும். ஒவ்வொரு மருந்தும் அடுத்த மருந்துக்குக் காரணமாகிறது.

இந்தச் சுழற்சியை உடைத்தது சிக்கனம். டெக்சாஸின் பார்னெட் ஷேலில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் ஜெல்லுக்கு ஏராளமாகச் செலவழித்தும் லாபம் பார்க்கவில்லை. 1990-களின் இறுதியில் அங்கிருந்த பொறியாளர் நிக் ஸ்டெய்ன்ஸ்பெர்கர் ஜெல்லை ஏறத்தாழ விலக்கிவிட்டு, உராய்வைக் குறைக்கும் பாலிமர் சிறிது கலந்த வெறும் நீரை அதிவேகத்தில் செலுத்திப் பார்த்தார். 1998-ல் அது பலித்தது. மெல்லிய நீர் ஒரே அகலமான விரிசலுக்குப் பதில் கிளைகிளையாகச் சிறு விரிசல்களை உண்டாக்கியது. கெட்டியாக இருந்தால்தான் நல்லது என்ற நம்பிக்கை, இந்தப் பாறையைப் பொறுத்தவரை, நேர்மாறாக இருந்தது. 2002-ல் டெவன் எனர்ஜி அந்த நிறுவனத்தை வாங்கியது.

மெல்லிய நீருக்கும் விலை உண்டு. ஒரு கிடைமட்டக் கிணற்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் என்பது அங்கே சாதாரணம். ‘99 சதவீதம் நீரும் மணலும்தான்’ என்று நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. மிச்சமுள்ள ஒரு சதவீதமே ஒன்றரை லட்சம் லிட்டர் ரசாயனம் என்பதை அவை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. ஸ்மெக்டைட் வகைக் களிமண் உள்ள பாறையில் நன்னீர் பட்டால் களிமண் ஊதி வழியை அடைக்கும். பொட்டாசியம் குளோரைடு சேர்த்து அதைத் தடுப்பார்கள். உலர்ந்த, இறுகிய வாயுப் பாறையில் நீர் நுண்துளைகளில் சிக்கி வாயுவுக்கே வழிமறிக்கும். அங்கே நைட்ரஜன் அல்லது கார்பன் டை ஆக்சைடு நுரை கைகொடுக்கும். செலவு கூடுதலானாலும் நீர் குறைவாகவே உள்ளே போகிறது. திரும்பி வரும் உப்புநீரை மறுபடி பயன்படுத்தலாம் என்றால், அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் உராய்வைக் குறைக்கும் பாலிமரான சாதாரணப் பாலிஅக்ரிலமைடைச் சுருளவைத்துச் செயலற்றதாக்கும். உப்பைத் தாங்கும் ரகத்தைத் தேட வேண்டும்.

இந்தத் தேர்வுகளின் அதிர்வு இந்திய வயல்கள்வரை வந்தது. உலகின் குவார் உற்பத்தியில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதிலும் முன்னணியில் நிற்பது ராஜஸ்தான். 2012 தொடக்கத்தில் அமெரிக்கத் தேவையாலும் ஊக வணிகத்தாலும் குவார் விதை குவிண்டாலுக்கு 30,000 ரூபாய் வரை ஏறியது. அந்த மார்ச்சில் முன்பேர வணிகம் நிறுத்தப்பட்டு, 2013 மே மாதம்தான் திரும்ப அனுமதிக்கப்பட்டது. அதற்குள் எண்ணெய் சேவை நிறுவனங்கள் மாற்றுப் பாலிமர்களைத் தேடத் தொடங்கியிருந்தன. செறிவைக் கூட்டினால் உராய்வைக் குறைப்பதோடு மணலையும் சுமக்கும் பாலிஅக்ரிலமைடு வகைகள், ஷேல் கிணறுகளில் குவாரின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. விலை ஏறியதைப் பார்த்துக் கூடுதல் நிலத்தில் விதைத்த விவசாயிகள், இறங்கிய விலைக்கு விற்றார்கள்.