படம் புகட்டும் பாடம்

பிள்ளைகள் காணும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆண்டவரின் பெயர் வருகிறதா என்று மட்டும் கிறிஸ்தவப் பெற்றோராகிய நாம் பார்த்தால் போதாது. அதில் மனிதரை மனிதர் எப்படி நடத்துகின்றனர் என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஃபிரெட் ரோஜர்ஸ் என்னும் போதகர் 1968 முதல் 2001 வரை சிறுவர் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். அதில் அவர் பிரசங்கம் செய்யவில்லை. கறுப்பினத்தாரை நீச்சல் குளங்களில் சேர்க்கப் பல வெள்ளையர் மறுத்த காலம் அது. 1969இல், காவலராக நடித்த கறுப்பினத்தவர் ஃபிரான்சுவா கிளெமன்ஸும் அவரும் ஒரே தொட்டி நீரில் கால் நனைத்தனர். சீடரின் கால்களை இயேசு கழுவியதை அறிந்த நமக்கு இதன் பொருள் விளங்கும்.

எளியவரை ஏளனம் செய்து சிரிக்கவைக்கும் படம், முடிவில் நல்லுரை கூறினாலும், பிள்ளை மனத்தில் தங்குவது அந்த ஏளனமே. ஆகவே, படம் முடிந்ததும் பிள்ளையிடம் கேட்போம்: "யார் யாரை மதித்தார்? யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்?"