ஆன்லைன் சூதாட்டத் தடையும் நம் கடைக் கணக்கும்

2003 ஜனவரியில் தமிழகத்தில் லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டபோது, கமிஷன் போயிற்றே என்று வருந்திய பெட்டிக்கடைக்காரர்கள் உண்டு. அண்டை மாநிலமான கேரளத்திலோ அரசே லாட்டரி நடத்தி வருகிறது. சூதாட்டத்தைத் தடுப்பதா, வரி போட்டு அனுமதிப்பதா என்பதில் அரசுகள் என்றுமே ஒரே நிலையில் நின்றதில்லை. ஆன்லைன் ஆட்டத்திலும் இதே கதைதான்.

பந்தயமும் சூதாட்டமும் அரசியல் சட்டப்படி மாநில அதிகாரத்தைச் சேர்ந்தவை. ஆனால் திறமையால் வெல்லும் ஆட்டம் சூதாட்டம் ஆகாது என்று 1957லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 1968ல் ரம்மியையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. நடத்துபவர் அதில் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பில் ஒரு வரியும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. திறமை என்ற இந்த ஒரு சொல்லால்தான் தமிழக அரசின் தடைச் சட்டம் 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்தாயிற்று. மீண்டும் கொண்டுவந்த மசோதாவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்ப, சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் அது சட்டமாயிற்று. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது.

இதற்கிடையே, 2023 அக்டோபர் முதல் கட்டும் பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. வரி வாங்கும் கை தடை போடத் தயங்கும் என்று பலர் நினைத்தனர். ஆனால் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இதை எதிர்த்தும் கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன.

நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இது சரியே; மளிகைப் பாக்கியைத் தர முடியாமல் தலைகுனிந்து போகும் வாடிக்கையாளரைச் சிறையில் தள்ளி யாருக்கு என்ன லாபம்?

நமக்கு ஆபத்து வேறிடத்தில் உள்ளது. தடைக்குப் பின் கள்ள ஆட்டக்காரர்கள் பணத்தைச் சுற்றிவிடச் சிறு கடைகளின் வங்கிக் கணக்கையும் கியூ.ஆர். அட்டையையும் தேடுகிறார்கள். "உங்கள் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்று யாராவது வந்தால், தெரிந்த ஆளானாலும் மறுத்துவிடுங்கள். புகார் எழுந்தால் போலீசார் முதலில் முடக்கச் சொல்வது அந்தக் கணக்கைத்தான். சரக்குக்குக் கொடுத்த செக்கும் அதோடு திரும்பும்.