கம்பி வழியே பேச்சுப் பயிற்சி

தொலைபேசியில் உங்கள் பெயரின் முதலெழுத்தைச் சொல்கிறீர்கள். "எஸ்" என்கிறீர்கள். மறுமுனையில் இருப்பவர், "எஃப்-ஆ?" என்று கேட்கிறார். "இல்லை ஐயா, சேலத்துக்கு வரும் எஸ்" என்று விளக்க வேண்டியிருக்கிறது. நேரில் பேசும்போது இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. உங்கள் நாக்கிலும் குற்றமில்லை, அவர் காதிலும் குற்றமில்லை. அப்படியானால் 'ஸ்' எங்கே போயிற்று?

உங்களுக்கும் எனக்கும் இது சிறு தொல்லைதான். ஆனால் 'பஸ்' என்று சொல்லும்போது நாக்கு நுனியைப் பல்லிடையே நீட்டிவிடும் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். பேச்சுப் பயிற்சியாளர் இருப்பதோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால். தொலைபேசி வழியே அவர் பயிற்சி அளித்தால், குழந்தை சரியாகச் சொன்னதா, தவறாகச் சொன்னதா என்பதே அவருக்குப் புலப்படாமல் போகலாம். தவறான ஒலிக்கு "சபாஷ்" கிடைத்தால், அந்தத் தவறே குழந்தையிடம் ஊன்றிவிடும். மொழி மிக விரைவாக வளரும் பருவம் இளம் பருவம். அதில் வீணாகும் மாதங்கள் விலைமதிப்புள்ளவை.

தப்பிப் போகும் ஒலி

'ஆ' என்று சொல்லித் தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரியும். 'ஸ்ஸ்' என்று சொல்லுங்கள், அதிர்வு இல்லை. உயிரொலிகள் குரல் நாண்களின் அதிர்வால் பிறக்கின்றன. 'ஸ்' அப்படியன்று. நாக்குக்கும் மேல் அண்ணத்துக்கும் இடையிலுள்ள குறுகிய வழியே பீறிட்டு வரும் காற்று பற்களில் மோதிச் சுழிப்பதால் எழும் சீறல் ஒலி அது. அதன் ஆற்றலில் பெரும்பகுதி விநாடிக்கு 4000 முதல் 8000 அதிர்வுகள் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. வாய் சிறிதாக உள்ள குழந்தைகளுக்கு இது இன்னும் உயரலாம்.

பழைய முறைத் தொலைபேசி இணைப்போ ஏறத்தாழ 300 முதல் 3400 அதிர்வுகள் வரைதான் கடத்தும். ஒலியை எண்களாக மாற்றி அனுப்பும் முறைக்கு 1972-இல் உலகத் தரம் வகுத்தபோது, ஒலியை விநாடிக்கு 8000 முறை அளந்தால் போதும் என்று வைத்தார்கள். ஓர் அலையைப் பதிவு செய்ய ஓர் அதிர்வுக்கு இரண்டு அளவீடுகளுக்கு மேல் வேண்டும். ஆகவே 8000 அளவீடுகள் 4000 அதிர்வுகளுக்கு மேல் எட்டா. சொற்களைப் புரிந்துகொள்ள இது போதும். 'ஸ்' மட்டும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

1988-இல் வந்த அகன்ற அலைவரிசைத் தரம் விநாடிக்கு 16000 முறை அளந்து, 7000 அதிர்வுகள் வரை கடத்துகிறது. இன்றைய நான்காம் தலைமுறைக் கைப்பேசி அழைப்புகள் பலவும், காணொளி அழைப்புகளும் இந்த அளவையோ இதற்கு மேற்பட்டதையோ எட்டுகின்றன. ஆனால் இங்கே வேறொரு பொறி உண்டு. மின்விசிறியின் ஓசை போன்ற இரைச்சலை நீக்கும் மென்பொருள், இரைச்சலைப் போன்றே இருக்கும் 'ஸ்' ஒலியையும் சில வேளைகளில் தேய்த்துவிடும்.

எந்தக் குறைக்கு எந்த வழி?

எல்லாப் பேச்சுக் குறைகளும் இப்படித் தப்பிப் போவதில்லை. திக்குவாயை எடுத்துக்கொள்ளுங்கள். "ப-ப-பந்து" என்று குழந்தை திக்கும்போது பயிற்சியாளர் கவனிப்பது திரும்ப வரும் அசைகளையும், தடைப்படும் நேரத்தையும். இவை தொலைபேசியிலும் தெளிவாகக் கேட்கும்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் லிட்கம் பகுதியின் பெயரால் வழங்கும் பயிற்சி முறை ஒன்று உண்டு. சிறு குழந்தைகளின் திக்குதலுக்கான முறை அது. பயிற்சியாளர் பெற்றோருக்குக் கற்றுக் கொடுப்பார். பெற்றோர் நாள்தோறும் வீட்டில் குழந்தைக்குப் பயிற்சி அளிப்பர். பரந்த அந்நாட்டில் பயிற்சியாளருக்கு எட்டாத தொலைவில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஆகவே இம்முறையைத் தொலைபேசி வழியாக நடத்திப் பார்த்தனர். அதன் முடிவுகள் 2008-இல் வெளியாயின. குழந்தைகள் முன்னேறினர், ஆனால் நேரில் அளிப்பதைவிடப் பயிற்சியாளர் அதிக நேரம் செலவிட வேண்டியிருந்தது. இணையக் காணொளி வழியான பயிற்சி நேர்ப் பயிற்சிக்குக் குறைந்ததன்று என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கண்ணும் கையும்

'பஸ்' சொன்ன குழந்தைக்கு மீண்டும் வருவோம். பல்லிடையே நீளும் நாக்கு காதுக்குத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும். ஆகவே குழந்தையின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். ஜன்னல் குழந்தைக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுப் பக்கம் இருக்கக் கூடாது. மைக் வாய்க்கு அருகே இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் காலதாமதம். காணொளி அழைப்பில் உங்கள் நண்பனுடன் சேர்ந்து பாடிப் பாருங்கள். தாளம் சேரவே சேராது. ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல 0.15 விநாடிக்குள் ஆனால் உரையாடல் பெரும்பாலும் தடைப்படாது. ஆனால் சேர்ந்து சொல்ல அது போதாது. ஆதலால் கையைத் தட்டிச் சேர்ந்து சொல்லும் பயிற்சியைக் குழந்தையின் பக்கத்தில் இருக்கும் அம்மாவோ அண்ணனோதான் நடத்த முடியும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு. குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். உயர்ந்த அதிர்வுகளைக் கேளாத குழந்தை 'ஸ்' சொல்லக் கற்பது எப்படி? அமைதியான அறையில், அளவு திருத்திய கருவியால் செய்யும் அந்தச் சோதனைக்கு வீட்டுக் கைப்பேசி ஈடாகாது.

2020-இல் கொரோனா தொற்றால் கதவுகள் அடைபட்டபோது, பல நாடுகளில் பேச்சுப் பயிற்சி கம்பி வழிக்கும் கம்பியில்லா வழிக்கும் மாறியது. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் தொலைவழிப் பயிற்சிக்கென ஒரு பிரிவு இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இத்தகைய பயிற்சி பெறும் குழந்தை இருந்தால், நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. அந்த நேரத்தில் மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். குழந்தையை ஜன்னலை நோக்கி உட்கார வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என் காதுக்கு இப்படிக் கேட்டது" என்று பயிற்சியாளருக்குச் சொல்லுங்கள். கம்பி விழுங்கிய 'ஸ்' உங்கள் காதை வந்து எட்டியிருக்கும்.